ரேமா, கோர்ஸா?

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதம் வந்தது. பி.சி.ஏ. மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள் ராத்திரி ஒரு மணி வரை கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், லேப்டாப் விசிறி கத்துகிறது, கேட்டால் "டாக்கரில் எலாஸ்டிக்சர்ச்சும் கிபானாவும் ஓட்டுகிறேன்" என்கிறாள். இருக்கும் 4 ஜிபி ரேம் போதாது, இன்னும் 8 வேண்டும் என்கிறாள். இன்னொரு பக்கம் ஒரு பயிற்சி மையம் 45,000 ரூபாய் கட்டினால் டெவ்ஆப்ஸ், அதாவது மென்பொருளைத் தடங்கல் இல்லாமல் ஓட வைக்கும் வேலைக்கான சான்றிதழ் தருவதாகச் சொல்கிறது. இருக்கிற பணத்தை எதில் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரேமில் போடுங்கள். கடைக்குப் போகுமுன் ஒன்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். சில மெல்லிய லேப்டாப்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், கூட்டவே முடியாது.

அவள் செய்வது விளையாட்டா என்ற பயம் கடிதம் முழுக்கத் தெரிகிறது. விளையாட்டு இல்லை. நீங்கள் ஆன்லைனில் பஸ் டிக்கெட் எடுக்கும்போது அந்தப் பக்கம் சர்வர் ஒவ்வொரு அசைவையும் ஒரு வரியாக எழுதி வைக்கிறது. அதற்குப் பெயர் லாக். பணம் போய் டிக்கெட் வரவில்லை என்றால், மலைபோல் குவிந்த வரிகளில் உங்களுடையதை ஒருவர் கண்டுபிடித்தாக வேண்டும். பழைய இலக்கியப் பதிப்புகளின் கடைசியில் எந்தச் சொல் எங்கே வருகிறது என்று சொல்லடைவு போட்டிருப்பார்களே, எலாஸ்டிக்சர்ச் அந்த வேலையைத்தான் செய்கிறது. முன்கூட்டியே அடைவு போட்டு வைப்பதால் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும். கிபானா அதைப் படமாக வரைந்து காட்டும்: எத்தனை மணிக்குப் பிழைகள் ஏறின, எந்த ஊரிலிருந்து அதிகம் வந்தன என்று.

டாக்கர் கன்டெய்னர் என்பதை ஒரே வீட்டில் தடுத்து விட்ட போர்ஷன்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு, தனிச் சமையல். மோட்டார் மட்டும் பொது. வீடு என்பது லேப்டாப், ஒவ்வொரு போர்ஷனிலும் குடியிருப்பது ஒரு மென்பொருள், பொது மோட்டார் அடியில் ஓடும் லினக்ஸ். விண்டோஸ் லேப்டாப்பிலும் டாக்கர் அடியில் ஒரு லினக்ஸை ஓட்டும். உங்கள் மகள் முட்டிக்கொண்டு நிற்கும் இடங்கள் எல்லாம் இந்தப் போர்ஷன் கணக்குக்குள் அடங்கிவிடும்.

வெள்ளைத் திரையில் "கிபானா சர்வர் இஸ் நாட் ரெடி யெட்" என்ற ஒற்றை வரியை நீங்களும் பார்த்திருக்கலாம். சில சமயம் இரண்டு நிமிடம் பொறுத்தால் சரியாகிவிடும். அரை மணி நேரமாக அப்படியே நின்றால், கிபானாவுக்கு எலாஸ்டிக்சர்ச்சின் முகவரியாக "லோக்கல்ஹோஸ்ட் 9200" என்று கொடுத்திருக்கிறாளா என்று நான் முதலில் பார்ப்பேன். லோக்கல்ஹோஸ்ட் என்றால் "இங்கேயே". கிபானாவின் போர்ஷனுக்குள் நின்று "இங்கேயே" என்றால் அது தன் வீட்டுக்குள்ளேயேதான் தேடும். பக்கத்துப் போர்ஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அதாவது எந்தப் போர்ஷனில் எது என்று எழுதி வைக்கும் கம்போஸ் ஃபைலில் அந்தப் போர்ஷனுக்கு (அங்கே சர்வீஸ் என்பார்கள்) வைத்த பெயரைக் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒரே பதிப்பாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளட்டும்.

எலாஸ்டிக்சர்ச்சை மூன்று நோடு, அதாவது சேர்ந்து வேலை செய்யும் மூன்று பிரதிகள், வைத்து ஓட்ட முயன்றிருந்தால் இன்னொன்றும் வரும். ஒரு நிரல் எத்தனை நினைவகப் பகுதிகளைப் பிடிக்கலாம் என்று லினக்ஸ் வைக்கும் வரம்பான மேக்ஸ் மேப் கவுன்ட் குறைந்தது 262144 வேண்டும் என்று எலாஸ்டிக்சர்ச் அடம்பிடிக்கும். பல லினக்ஸ்களில் அது 65530தான் இருக்கும். இது பொது மோட்டார் விவகாரம். போர்ஷனுக்குள் இருந்து எதைத் திருகினாலும் மாறாது, அடியில் இருக்கும் லினக்ஸில்தான் மாற்ற வேண்டும். படிக்கிற காலத்தில் ஒரு நோடே தாராளம். அதையும் சிங்கிள் நோடு என்று சொல்லியே ஓட்டட்டும்.

அப்புறம் 137. எலாஸ்டிக்சர்ச் ஜாவாவில் ஓடுவது, நினைவகத்தைத் தயங்காமல் கேட்கும். 4 ஜிபியில் விண்டோஸும் பிரவுசரும் போக அதற்கு என்ன மிஞ்சும்? தட்டுப்பாடு வந்ததும் லினக்ஸ் அதன் கழுத்தைப் பிடித்து நிறுத்திவிடும், கன்டெய்னர் 137 என்ற எண்ணோடு செத்துக் கிடக்கும். அவள் ரேம் கேட்பது இதனால்தான், அடம் இல்லை. ரேம் வரும்வரை ஜாவா தனக்கென எடுத்துக்கொள்ளும் நினைவகமான ஹீப்பை 512 எம்பி என்று கட்டி வைத்துப் பார்க்கலாம், நொண்டி நொண்டி ஓடும்.

யூடியூபில் பார்த்துச் செய்கிறாள் என்றால் பழைய வீடியோக்களில் ஜாக்கிரதை. 2022 பிப்ரவரியில் வந்த எலாஸ்டிக்சர்ச் 8.0 முதல் பாதுகாப்பு தானாகவே போடப்பட்டு வருகிறது. முதல் முறை ஓட்டும்போது கடவுச்சொல்லும், கிபானாவை இணைக்க 30 நிமிடமே செல்லும் ஒரு டோக்கனும் திரையில் வந்து போகும். அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, 7ஆம் பதிப்பு வீடியோவைப் பார்த்து ஏன் உள்ளே விடவில்லை என்று ராத்திரி முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய.

வேலை விஷயத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். படித்து முடித்த கையோடு டெவ்ஆப்ஸ் பதவி கிடைப்பது அபூர்வம். சப்போர்ட் இன்ஜினீயராக உள்ளே போய், லாக் பார்த்துப் பழகி, ஓரிரு வருடத்தில் அந்தப் பக்கம் நகர்வதுதான் நான் அதிகம் பார்த்த வழி. விளம்பரங்களில் ஓபன்சர்ச் என்று இருந்தாலும் விண்ணப்பிக்கட்டும். 2021இல் எலாஸ்டிக்சர்ச்சை உருவாக்கும் எலாஸ்டிக் நிறுவனம் அதன் உரிமத்தை மாற்றியபோது அமேசான் பழைய உரிமத்தில் இருந்த நிரலைப் பிரித்துத் தனியாக வளர்த்தது அது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான், ஒன்று தெரிந்தால் மற்றது பிடிபட்டுவிடும்.

நேர்முகத்தில் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைப்பார்கள். "கடைசியாக எது உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்பதற்குத்தான் பதில் வேண்டும். ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். திரையில் வந்த பிழையை அப்படியே எழுதி, கீழே தான் முதலில் என்ன நினைத்தாள், உண்மையில் காரணம் என்ன என்று இரண்டு வரி எழுதட்டும். கோர்ஸ் வேண்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆறு மாதம் இப்படிச் செய்த பிறகும் அவளே கேட்டால் அப்போது பார்க்கலாம்.

புராஜெக்ட்டுக்கு ஒரு யோசனை. இதில் உங்களுக்கும் வேலை உண்டு. ஷே பனான் என்பவர் லண்டனில் சமையல் படித்துக்கொண்டிருந்த தன் மனைவியின் குறிப்புகளைத் தேட ஒரு கருவி செய்யப் போய், அந்த வழியில்தான் 2010இல் எலாஸ்டிக்சர்ச் வந்தது. நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள், ஐம்பது சமையல் குறிப்புகளை அவள் தமிழில் தட்டச்சு செய்து உள்ளே போடட்டும். டேட்டாவுக்கு வால்யூம், அதாவது கன்டெய்னருக்கு வெளியே தனிச் சேமிப்பிடம், வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் கன்டெய்னரை அழிக்கும் அன்று ஐம்பது குறிப்பும் அதோடு போய்விடும், மறுபடி உங்களிடம்தான் வந்து நிற்பாள்.

போட்டு முடித்ததும் "புளி" என்று தேடச் சொல்லுங்கள். "புளியைக் கரைத்து" என்று மட்டும் எழுதிய குழம்பு வராது. வழக்கமான அமைப்பில் அதற்குப் "புளி" ஒரு சொல், "புளியைக்" வேறு சொல். வேற்றுமை உருபை உரித்துவிட்டுத் தேட வைப்பது எப்படி என்று அவள் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். அன்றைக்கு ராத்திரி ஒரு மணி ஆனாலும் விட்டுவிடுங்கள்.