மரமே இல்லை, தரையும் மேடுபள்ளம்: லிங்க்ஸ் கோல்ஃப் மைதானங்களை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

டிவியில் பார்த்தால் வறண்ட மேய்ச்சல் நிலம் மாதிரிதான் தெரியும். ஆனால் அந்தத் தரைதான் ஆட்டத்தின் உயிர். லிங்க்ஸ் என்றால் கடலோர மணல் நிலத்தில் அமைந்த மைதானம்; அதனால் மழைநீர் தேங்காமல் வடிந்துவிடும். ஃபெஸ்க்யூ என்ற மெல்லிய புல்தான் அதிகம். தரை இறுகி இருப்பதால், விழுந்த பந்து நெடுந்தூரம் உருண்டோடும். எங்கே இறக்குவது என்பதோடு, இறங்கியபின் எந்தச் சரிவு அதை எங்கே இழுத்துப்போகும் என்றும் கணக்குப் போட வேண்டும். எதிர்க்காற்று பலமாக அடித்தால் உயரத் தூக்கி அடிப்பதில் பயனில்லை. தாழ்வாக அடித்து உருட்டத் தெரிந்தவரே தப்பிப்பார். இந்த யோசனைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸைப் பாருங்கள். 14 குழிகள் இரண்டிரண்டாக 7 பெரிய கிரீன்களை (குழியைச் சுற்றி, புல்லை ஒட்ட வெட்டிய பகுதி) பகிர்ந்துகொள்கின்றன. அந்த ஜோடி எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 (2-ம் 16-ம் ஒரே கிரீன்). 17-வது குழியில் கிரீனை ஒட்டி, செங்குத்துச் சுவருடன் ஆழமான பங்கர் (மணல் பள்ளம்), பின்னால் சாலை. இங்கே நடந்த 1978 ஓபன் கோல்ஃப் போட்டியில் ஜப்பானின் டாமி நகஜிமா கிரீனில் தட்டிய பந்தே சரிவில் வழிந்து அந்தப் பங்கருக்குள் போனது. 4 முறை அடித்து முடிக்க வேண்டிய குழிக்கு அவர் 9 முறை அடிக்க வேண்டியதாயிற்று.