தெளிபூச்சு ஏன் வெளுத்தது?

கேள்வி: ஐயா, நம் அரச மலேசிய ஆகாயப் படை ஓட்டிய ஸ்கைஹாக் விமானத்தின் பிளாஸ்டிக் மாடலை 1/48 அளவில் செய்து வருகிறேன். தமியா நிறுவனத்தின் அக்ரிலிக் வண்ணங்களை ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவி) அடித்தபோது ஓரளவு நன்றாகவே வந்தது. சக்கரங்களுக்கு வலேஹோ நிறுவன வண்ணத்தைக் கலக்கியதும் ஏர்பிரஷின் கப்பிலேயே திரிந்துபோனது. நேற்று மழை நேரத்தில் தமியா எக்ஸ்-22 கிளியர் என்ற நிறமற்ற தெளிபூச்சை அடித்தேன். இறக்கை முழுவதும் விபூதி பூசியதுபோல் வெளுத்துவிட்டது. மூன்றையும் நீர்க்கச் செய்யக் கலந்தது ஒரே தின்னர்தான். "எல்லா அக்ரிலிக்குக்கும் இது போதும்" என்று கடைக்காரர் குடிநீர் போத்தலில் ஊற்றிக் கொடுத்தது. எத்தனைக்கு எத்தனை கலக்க வேண்டும்?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: விகிதம் சொல்கிறேன். ஆனால் எந்த விகிதமும் அந்தப் போத்தலிலிருந்து உங்களைக் காப்பாற்றாது. முதல் வேலையாக அதன் மேல் "நஞ்சு" என்று பெரிதாக எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தாகத்தோடு பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு அது வெறும் தண்ணீர் போத்தல். கழுவுதொட்டியிலும் ஊற்றிவிடாதீர்கள்.

கார் சாயம் அடிக்கும் பட்டறைகளுக்குப் பெரிய டின்களில் வரும் மலிவுத் தின்னரைச் சிறு போத்தல்களில் பிரித்து, மாடல் தின்னர் என்று விற்பவர்கள் இந்நகரில் இருக்கிறார்கள். இணையக் கடைகளிலும் இருக்கிறார்கள். அதில் டொலுவீனா, அசிட்டோனா, மெத்தனாலா, எது எவ்வளவு என்று விற்பவருக்கே தெரியாது. இந்த மாதம் வாங்கியதும் அடுத்த மாதம் வாங்குவதும் ஒன்றாக இருக்காது. மாடலின் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை அரிக்கும் சரக்கும் அதில் வரும். அபாய இரசாயனங்களுக்கு விவரச்சீட்டு ஒட்டும் விதிகள் 2013லேயே நம் நாட்டில் வந்துவிட்டன. அவை தொழிலிடத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. வீட்டு மேசையில் மாடல் செய்பவரைப் பற்றி அவற்றுக்குக் கவலையில்லை. விலையில் ஐந்தாறு வெள்ளி மிச்சம் பிடித்து, நூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கிய மாடலைப் பாழாக்கியவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனம் கொதிக்கிறது.

வண்ண நிறுவனங்களும் குற்றமற்றவை அல்ல. அக்ரிலிக் என்பது வண்ணத்தைப் பிடித்து வைக்கும் பிசினின் பெயர். அந்தப் பிசின் எதில் கரைந்திருக்கிறது என்பதை அச்சொல் சொல்வதே இல்லை. வலேஹோ தண்ணீரில் மிதக்கும் பிசின்; ஆல்கஹாலோ கடுமையான தின்னரோ பட்டால் பால் திரிவதுபோல் திரிந்து ரப்பராகிவிடும். உங்கள் கப்பில் நடந்தது அதுதான். தமியா அக்ரிலிக்கில் ஆல்கஹால் வகைக் கரைப்பான் இருக்கிறது. கடுமையான கரைப்பானில் கரைந்திருப்பதால் லேக்கர் என்று நாம் வேறாகப் பிரித்துச் சொல்லும் மிஸ்டர் கலர் வண்ணத்திலும் அக்ரிலிக் பிசின்தான் இருக்கிறது! இந்த வேறுபாட்டைப் போத்தலின் முகப்பிலேயே பெரிதாக அச்சிட்டால் என்ன? ஆகவே பாதுகாப்பான வழி ஒன்றுதான்: எந்த நிறுவனத்தின் வண்ணமோ, அந்த நிறுவனம் அதே வரிசைக்குச் செய்த தின்னர். தமியாவுக்கு எக்ஸ்-20ஏ. வலேஹோவுக்கு அவர்களுடைய ஏர்பிரஷ் தின்னர்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. நம் ஊருக்கு அது முக்கியம் என்பதால் விரித்துச் சொல்கிறேன். தமியா அக்ரிலிக்கும் மிஸ்டர் ஹாபியின் அக்குவஸ் அக்ரிலிக் வரிசையும் லேக்கர் தின்னரையும் ஏற்கும். அதிலும் மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரில் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சேர்ந்தே இருக்கிறது. அதைக் கலந்தால் எக்ஸ்-22 மெதுவாகக் காய்ந்து, தானே பரவிச் சமமாகிக் கண்ணாடிபோல் படியும். ஆனால் அது கடுமையானது. ஒரேயடியாக ஈரம் சொட்ட அடித்தால் கீழே உள்ள வண்ணத்தைக் கரைக்கும். டெக்கல் (சின்னங்கள் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டிய பிறகு அப்படி அடித்தால் டெக்கலையும் சுருக்கும். முதல் இரண்டு பூச்சுகள் பனி படிவதுபோல் மெல்லியதாக இருக்கட்டும், ஒவ்வொன்றும் காயட்டும், மூன்றாவதுதான் ஈரமாக. இந்தச் சலுகை வலேஹோவுக்குக் கிடையாது, ஒரு துளிகூட. லேக்கர் தின்னர் என்று நான் சொல்வது முத்திரையோடு வரும் மாடல் தின்னரை மட்டுமே.

இனி விகிதம். தமியா வண்ணம் ஒரு பங்குக்குத் தின்னர் ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு. எக்ஸ்-22க்கு இரண்டு பங்கு வரை போகலாம். கப்பின் சுவரில் வழியவிட்டால் பசும்பால்போல் மெல்லிய படலம் விட்டு இறங்க வேண்டும். ஏர்பிரஷின் 0.3 மி.மீ. முனைக்கு 15 முதல் 20 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். முதலில் ஒரு பிளாஸ்டிக் கரண்டியில் அடித்துப் பாருங்கள்.

வெளுப்புக்கு வருவோம். வேகமாக ஆவியாகும் தின்னர் பரப்பைக் குளிரச் செய்கிறது. குளிர்ந்த இடத்தில் காற்றின் ஈரம் நுண்ணிய துளிகளாகப் படிந்து காயும் பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. மலிவுத் தின்னரும் மழை மாலையும் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்? கோலாலம்பூரில் விடியற்காலையில் ஈரப்பதம் மிக அதிகம். வெயில் ஏறி, பிற்பகல் மழை இறங்குவதற்கு முன்னுள்ள நேரமே நமக்கு உகந்தது. அல்லது குளிர்சாதனம் ஓடும் அறையில், ஆவி வெளியேற வழி செய்துகொண்டு அடியுங்கள். கரிம ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும்; மருத்துவமனைத் துணிக்கவசம் இதற்கு உதவாது. ஏர்பிரஷுக்குக் காற்றூட்டும் கம்பிரசரில் நீரைப் பிடிக்கும் ஈரப்பொறியையும் தொட்டியையும் ஒவ்வொரு நாளும் வடித்துவிடுங்கள்.

உங்கள் இறக்கையை மீட்க முடியும் என்றே நினைக்கிறேன். வறண்ட ஒரு நண்பகலில், எதுவும் கலக்காத லெவலிங் தின்னரை 15 செ.மீ. தொலைவிலிருந்து மெல்லிய புகைபோல ஒருமுறை ஓட்டுங்கள். பூச்சு இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, வெண்மை மறையும். ஒரே ஓட்டத்தில் முடிக்க முயலாதீர்கள். பத்து நிமிடம் விட்டு மறுமுறை. முதலில் இறக்கையின் அடிப்பக்கத்தில் முயன்று பாருங்கள். அங்கே பிளாஸ்டிக் சொரசொரப்பாகத் தெரிந்தால் அது ஈரமல்ல, அரிப்பு. நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால் தேய்த்து மறுபடி வண்ணமடிக்க வேண்டியதுதான். தெளிந்துவிட்டால் ஒரு வாரம் தூசி படாமல் மூடி வைத்துவிட்டு டெக்கலைத் தொடங்குங்கள்.