பெரியவரைப் பற்றி ஏன் எழுதவில்லை?

வணக்கம் ஐயா,

உங்கள் கதைகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். சமூக சேவைத் துறையில் வேலை பார்த்ததாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் இதைக் கேட்கத் துணிந்தேன்.

எனக்கு 43 வயது. ஒரு வங்கியின் கால் சென்டரில் 14 ஆண்டுகள் இருந்தேன். ஆட்குறைப்பில் வேலை போனது. அப்புறம் சேமிப்பைப் போட்டுக் கவுன்சலிங் டிப்ளோமா படித்தேன். சென்ற ஆண்டு ஒரு குடும்பச் சேவை நிலையத்தில் பிராக்டிகம் (படிப்புக்கான களப்பயிற்சி) முடித்தேன். இதுவரை 26 இடங்களுக்கு விண்ணப்பித்துவிட்டேன். ஒரே ஓர் இடத்திலிருந்து அழைப்பு வந்தது. அதுவும் தொலைபேசியோடு முடிந்துவிட்டது.

ரெஸ்யூமேயை இணைத்திருக்கிறேன். “பரிவும் பொறுமையும் மிக்கவர், நன்றாகச் செவிமடுப்பவர், பிறருக்கு உதவுவதில் ஆர்வம் கொண்டவர்” என்று தொடங்கியிருக்கிறேன். அனுபவத்துக்குச் சான்றாக ஒரு மாணவியின் கதையைச் சேர்த்திருக்கிறேன். [இங்கே நான்கு வரிகளை நீக்கியிருக்கிறேன். காரணம் பதிலில்.] நானும் ஒரு காலத்தில் மனச்சோர்விலிருந்து மீண்டவள். அதையும் எழுதியிருக்கிறேன். மற்றபடி பிராக்டிகத்தில் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. ஒரு பெரியவருடன் ஆறேழு முறை தமிழில் உட்கார்ந்து பேசினேன், அவ்வளவுதான். அதை எழுதவில்லை.

எங்கே தவறு செய்கிறேன் ஐயா?

எஸ்., ஈசூன்

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் ரெஸ்யூமேயை இரண்டு முறை படித்தேன். முதலில் அந்த நான்கு வரிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் என்னை உறுத்தியது.

அந்த மாணவியின் பெயரை நீங்கள் எழுதவில்லை. சரி. ஆனால் அவள் வயது இருக்கிறது, பள்ளி இருக்கும் வட்டாரம் இருக்கிறது, அப்பா எங்கே இருக்கிறார் என்பது இருக்கிறது, வீட்டில் நடந்தது இருக்கிறது. சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்கள் சுமார் 9 விழுக்காடு. தமிழ் பேசும் குடும்பங்கள் அதிலும் ஒரு பகுதிதான். கோயிலிலும் கல்யாணத்திலும் திரும்பத் திரும்ப ஒரே முகங்களைப் பார்க்கிற ஊர் இது. உங்கள் வரிகளைப் படித்ததும் எனக்கு இரண்டு குடும்பங்கள் நினைவுக்கு வந்தன. இரண்டுமே அந்தக் குடும்பமாக இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் யாராக இருக்கும் என்று என் மனம் தேட ஆரம்பித்துவிட்டது. இப்போது அந்தக் கதை 26 அலுவலகங்களில் இருக்கிறது.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்காக எவ்வளவு வருந்தியிருக்கிறீர்கள் என்பது வரிக்கு வரி தெரிகிறது. ஆனால் அந்த ரெஸ்யூமேயை எடுத்துப் படிப்பவர் பெரும்பாலும் தானே பல ஆண்டுகள் கவுன்சலராக இருந்தவர். நான் வேலை பார்த்த அமைப்பில் சில காலம் நேர்காணல் குழுவில் இருந்தேன். ஒருமுறை மிக உருக்கமான ஒரு கதையோடு ஒரு விண்ணப்பம் வந்தது. எனக்குக் கண் கலங்கியது. மூத்த கவுன்சலர் ஒருவர் அதைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். “நாளைக்கு இவர் வேறு வேலைக்குப் போகும்போது நம்மிடம் வருகிறவர்களின் கதையும் இப்படித்தான் போகும்” என்றார். அதற்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012இலிருந்து இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பிள்ளை உங்களை நம்பிச் சொன்னது அது. உங்களை வேலைக்கு எடுப்பவர் முதலில் பார்க்க விரும்புவது அந்த நம்பிக்கையை நீங்கள் எப்படி வைத்துக்கொள்கிறீர்கள் என்பதைத்தான். அதைப் பார்க்க அவருக்கு முதலில் கிடைக்கிற இடம் உங்கள் ரெஸ்யூமே. தயவுசெய்து இன்றைக்கே அந்த வரிகளை எடுத்துவிடுங்கள்.

அப்படியானால் என்ன எழுதுவது? எண்ணிக்கையும் செய்த வேலையும். எத்தனை மணி நேரம் நேரடியாக அமர்ந்து பேசினீர்கள், தனியாகவா குடும்பமாகவா குழுவாகவா, எந்த வயதினர், பொதுவாக என்ன சிக்கல்கள், எத்தனை மணி நேரம் சூப்பர்விஷன், அதாவது மூத்த கவுன்சலரின் வழிகாட்டல், பெற்றீர்கள். ரெஸ்யூமேயை ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள், பொருளைத் தமிழில் சொல்கிறேன்: “பதின்ம வயதினருடனும் பெற்றோருடனும் இத்தனை மணி நேர அமர்வுகள், குடும்பப் பிரிவு, பள்ளிக்கு வராமை தொடர்பானவை, வாரம் ஒருமுறை சூப்பர்விஷன், ஒவ்வோர் அமர்வுக்கும் கேஸ் நோட்ஸ் எழுதினேன், அபாயம் தெரிந்தபோது நிலையத்தின் நடைமுறைப்படி சூப்பர்வைசரிடம் உடனே தெரிவித்தேன்.” இதில் அந்த மாணவி இருக்கிறாள். ஆனால் அவளை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

‘பரிவு மிக்கவர்’ என்ற தொடக்கத்தையும் எடுத்துவிடலாம். உளவியலாளர் கார்ல் ராஜர்ஸைப் படித்திருப்பீர்கள். 1957இல் எழுதிய கட்டுரையில், ஒருவரிடம் மாற்றம் நிகழத் தேவையான நிலைமைகளை அவர் வரிசையாகச் சொல்கிறார். ஆலோசகருக்குப் பரிவு இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்தவில்லை. அந்தப் பரிவு எதிரில் இருப்பவருக்குக் கொஞ்சமாவது போய்ச் சேர வேண்டும் என்கிறார். உங்கள் ரெஸ்யூமேயைப் படிப்பவருக்கு ‘பரிவு’ என்ற சொல் வழியாக எதுவும் போய்ச் சேராது. விண்ணப்பிக்கிற எல்லோரும் அதையே எழுதுகிறார்கள்.

இனி அந்தப் பெரியவர். ‘அவ்வளவுதான்’ என்று எழுதிவிட்டீர்களே!

இங்கே ஆங்கிலத்தில் கவுன்சலிங் செய்யக்கூடியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தமிழில் ஒரு முழு அமர்வை நடத்தக்கூடியவர்கள் அவ்வளவு பேர் இல்லை. ரெஸ்யூமேயின் கடைசி வரியில் ‘மொழிகள்: ஆங்கிலம், தமிழ்’ என்று போட்டிருக்கிறீர்கள். அதைப் படிப்பவருக்கு என்ன தெரியும்? தேக்கா சந்தையில் காய்கறி வாங்கத் தமிழ் தெரியும் என்றுகூட நினைக்கலாம். ஒரு முதியவர் வந்து உட்கார்ந்ததும் ‘மனச்சோர்வு’ என்று சொல்ல மாட்டார். “ஒண்ணும் இல்லம்மா, தூக்கம்தான் வரல” என்பார். “நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்கு” என்பார். பாலிகிளினிக்கில் எல்லாப் பரிசோதனையும் செய்து ஒன்றும் இல்லை என்று அனுப்பியிருப்பார்கள். மருமகளைப் பற்றிக் கேட்டால் “நல்ல பொண்ணு” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்ப்பார். அந்த ‘நல்ல பொண்ணு’க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று காத்திருந்து கேட்க, அந்த மொழியில் வளர்ந்த காது வேண்டும். உங்களிடம் அது இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் அவர் இரண்டாவது முறை வந்திருக்க மாட்டார், ஆறேழு முறை எங்கே!

அதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். முதியவர்களோடு தொடர்ந்து தமிழில் அமர்வுகள் நடத்தியிருக்கிறேன், அதன் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன் என்று. ஒரு மொழியில் கேட்டதை இன்னொரு மொழியில் பொருள் குன்றாமல் எழுதுவது தனித் திறமை. முதியோர் பராமரிப்பு அமைப்புகள், இந்தியச் சமூகத்துக்கு உதவும் சிண்டா போன்ற இடங்கள், வெளிநாட்டு ஊழியர்களோடு வேலை செய்கிற அமைப்புகள் எல்லாம் இதைத் தேடிப் பார்க்கும்.

கால் சென்டரில் இருந்த 14 ஆண்டுகளை ஒரே வரியில் ஒளித்துவைத்திருக்கிறீர்கள். வெட்கப்பட என்ன இருக்கிறது? பணம் போய்விட்டது என்று கத்துகிறவரிடம் நிதானமாகப் பேசியிருப்பீர்கள். அவர் சொன்னதைச் சுருக்கித் திருப்பிச் சொல்லி, சரியாகப் புரிந்துகொண்டேனா என்று கேட்டிருப்பீர்கள். அழைப்பு முடிந்ததும் குறிப்பு எழுதியிருப்பீர்கள். அதுவே கவுன்சலிங் ஆகிவிடாது, அப்படிச் சொல்லிக்கொள்ளவும் கூடாது. ஆனால் கோபத்தின் முன்னால் உட்காரப் பழகிய ஒருவர் என்பதை இரண்டு வரியில் சொல்லலாம். 43 வயதில் வந்தவர் என்பது குறையாகாது, அந்த ஆண்டுகளில் என்ன செய்தீர்கள் என்று தெரிந்தால்.

உங்கள் மனச்சோர்வைப் பற்றி எழுதியதை நான் நீண்ட நேரம் யோசித்தேன். என் கருத்து, ரெஸ்யூமேயிலிருந்து எடுத்துவிடுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை. அது உங்களுடையது, யாரிடம் எப்போது சொல்வது என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும். முகம் தெரியாத ஒருவரின் மேசையில் அது கிடக்க வேண்டியதில்லை. விண்ணப்பப் படிவத்தில் மனநலப் பாதிப்பு உண்டா என்று காரணமில்லாமல் கேட்பதே பாகுபாடு என்று முதலாளிகளுக்கு இங்கே சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கேட்கக் கூடாததை நாமே ஏன் முதல் பக்கத்தில் எழுத வேண்டும்? சொந்த அனுபவத்தையே தகுதியாகக் கொள்கிற சக ஆதரவாளர் வேலைகளும் உண்டு. அவற்றுக்கு விண்ணப்பித்தால் எழுதுங்கள். அங்கே அது இருக்க வேண்டிய இடம்.

அடையாள அட்டை எண், சமயம், திருமண நிலை, பிள்ளைகள், புகைப்படம் எல்லாவற்றையும் நீக்குங்கள். இந்தியாவில் பயோடேட்டா எழுதிப் பழகியவர்கள் செய்வது இது.

பதிவைப் பற்றி ஒரு வார்த்தை. ‘கவுன்சலர்’ என்று சொல்லிக்கொள்ள இங்கே சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் 1982இல் தொடங்கிய சிங்கப்பூர் அசோசியேஷன் ஃபார் கவுன்சலிங்கில் பதிவு பெற்றவரா என்று பல இடங்களில் கேட்பார்கள். இன்னும் பெறவில்லையென்றால் அப்படியே எழுதுங்கள்: தேவையான மணி நேரங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், இதுவரை இத்தனை. ‘தகுதி பெற்ற ஆலோசகர்’ என்று மழுப்பலாகப் போட்டிருக்கிறீர்கள். நேர்காணலில் முதல் கேள்வியே அதில்தான் வரும்.

26 இடங்களுக்கும் ஒரே ரெஸ்யூமேயை அனுப்பியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பள்ளிக்கு அனுப்பும்போது பதின்ம வயதினரோடு செய்த வேலையும், ஆசிரியர்களோடும் பெற்றோரோடும் பேசியதும் மேலே வரட்டும். குடும்பச் சேவை நிலையத்துக்கு அனுப்பும்போது பணச் சிக்கல், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வாடகை, மருத்துவமனை என்று ஒரே குடும்பத்தின் பல கவலைகளை ஒன்றாகக் கையாண்டது மேலே வரட்டும். முதியோர் நிலையத்துக்குப் போவதில் முதல் வரி அந்தப் பெரியவராகவே இருக்கலாம். மூன்று வேறு ரெஸ்யூமேக்களை வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் இரண்டு பக்கத்துக்குள்.

பரிந்துரைப்பவராக உங்கள் சூப்பர்வைசர் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். அவரிடம் கேட்டீர்களா? கேட்கவில்லையென்றால் முதலில் கூப்பிட்டுக் கேளுங்கள். பேசும்போது அந்தப் பெரியவருடன் நீங்கள் செய்த வேலையைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்றும் கேட்டுவிடுங்கள். புதிய ரெஸ்யூமேயை எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன்.