இந்தியாவிலும் பிரான்ஸிலும் ஒரே பிஎச்.டி.க்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வழிகாட்ட முடியுமா? யாரை முதலில் பார்க்க வேண்டும்?

கேட்டவர் தந்திருக்கும் விவரம் இது: தமிழ்நாட்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் முழுநேர ஸ்காலர், முதல் வருடம். கருத்தரங்கில் அறிமுகமான பிரெஞ்சுப் பேராசிரியர் சேர்ந்து வழிகாட்டச் சம்மதித்துவிட்டார். இங்குள்ள கைடுக்கும் சம்மதம். அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது?

என் பதில்: தேர்வுப் பிரிவின் கதவை. எல்லோரும் சர்வதேச உறவுகள் அலுவலகத்துக்குத்தான் ஓடுவார்கள். அங்கே அச்சடித்த எம்.ஓ.யூ. (புரிந்துணர்வு ஒப்பந்தம்) மாதிரி ஒன்று கிடைக்கும், பேசிக்கொள்ள இனிமையாகவும் இருக்கும். ஆனால் கோப்பு நின்றுபோகிற இடம் தேர்வுப் பிரிவு. நான் மின்வேதியியலில் இதே வழியில் பட்டம் வாங்கி, இப்போது கல்லூரியில் வேலை பார்க்கிறேன். என்னிடம் வந்து கேட்கும் ஸ்காலர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

சட்டத்தில் தடை எதுவும் இல்லை. பிரான்ஸில் இதற்குக் 'கோத்யூதெல்' என்று பெயர். 1994இல் ஆரம்பித்த நடைமுறை, 2005இல் தனி ஆணையானது, இப்போது 2016 மே 25 தேதியிட்ட முனைவர் படிப்பு ஆணையின் ஒரு பகுதி. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022 மே மாதம் கூட்டுப் பட்டங்களுக்கான விதிமுறைகளை வெளியிட்டது. அதன்படி பிஎச்.டி.க்கு இரு பக்கமும் ஆளுக்கொரு வழிகாட்டி இருக்க வேண்டும், இரு இடத்திலும் குறைந்தது ஒரு செமஸ்டராவது இருக்க வேண்டும், சமர்ப்பிப்பது ஒரே ஆய்வேடாக இருக்க வேண்டும். நம் பல்கலைக்கழகம் தர மதிப்பீட்டு அமைப்பான நாக்கின் மதிப்பீட்டில் 3.01 அல்லது அதற்கு மேல் வாங்கியிருந்தாலோ, மத்திய அரசின் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். பல்கலைக்கழகப் பட்டியலில் முதல் நூற்றுக்குள் இருந்தாலோ, கூடவே பிரெஞ்சுப் பல்கலைக்கழகம் டைம்ஸ் அல்லது க்யூ.எஸ். உலகத் தரவரிசையில் முதல் ஆயிரத்துக்குள் இருந்தால் யுஜிசியிடம் தனி அனுமதி கேட்கத் தேவையில்லை. உங்கள் பல்கலைக்கழகம் இந்த வரம்புக்குள் வருகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வராவிட்டால் இதை மேற்கொண்டு வாசிப்பதில் பெரிய பலன் இல்லை.

இது உங்களுக்கு உண்மையிலேயே தேவையா என்பதையும் யோசியுங்கள். என்னிடம் கேட்பவர்களில் பலருக்குத் தேவைப்படுவது ஒரு கருவியும் சில மாத லேப் வேலையும்தான். அதற்குக் கோ-கைடு, அதாவது துணை வழிகாட்டி, போதும்; பட்டம் இங்கேயே, ஒப்பந்தமும் சுருக்கம். போய்வர இந்திய–பிரெஞ்சு நிறுவனமான செஃபிப்ராவின் ராமன்–ஷார்பாக் ஃபெலோஷிப் மாதிரி வழிகள் இருக்கின்றன. இரண்டு இடத்தில் பதிவு, ஒரே ஆய்வேடு, ஒரே வைவா (வாய்மொழித் தேர்வு), இரண்டு பல்கலைக்கழகமும் அங்கீகரிக்கும் பட்டம் என்று வேண்டுமானால் மட்டும் கோத்யூதெல். ஆய்வு நிஜமாகவே இரண்டு இடத்திலும் பாதிப்பாதி நடக்கப்போகிறது என்றால் அது அருமையான ஏற்பாடு. பயோடேட்டாவில் இன்னொரு வரி சேர்க்க மட்டும் என்றால் இவ்வளவு அலைச்சல் வேண்டாம்.

இனி தேர்வுப் பிரிவுக்கு வருகிறேன். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆய்வுச் சுருக்கமான சினாப்சிஸைக் கொடுத்ததும் கைடு தேர்வாளர்கள் பேனல் ஒன்றைக் கொடுப்பார். துணைவேந்தர் அதிலிருந்து தேர்ந்தெடுப்பார். யார் என்று ஸ்காலருக்குத் தெரியக் கூடாது. யுஜிசியின் 2022 பிஎச்.டி. விதிமுறைப்படி கைடு தவிரக் குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் மதிப்பிட வேண்டும். அறிக்கைகள் வந்த பிறகு வைவா, அதைக் கூட்டி நடத்துவது பெரும்பாலும் கைடுதான்.

பிரான்ஸில் கதை வேறு. ஆய்வேட்டை முன்கூட்டியே படித்து அறிக்கை எழுதும் இரண்டு பேருக்கு 'ரப்போர்த்தர்' என்று பெயர். அவர்கள் யார் என்பதில் ரகசியமே கிடையாது. வைவாவுக்கு முன்பே அவர்கள் அறிக்கை மாணவர் கைக்கு வந்துவிடும். நடுவர் குழுவில் எட்டுப் பேர் வரை இருக்கலாம். வழிகாட்டி அந்தக் குழுவில் உட்காரலாம், ஆனால் முடிவெடுப்பதில் அவருக்குப் பங்கில்லை. ஆக, நம் ஊரில் ரகசியமாக இருக்க வேண்டிய பெயர் அங்கே அழைப்பிதழில் அச்சாகிறது. நம் ஊரில் தேர்வை நடத்துகிற கைடு, அங்கே முடிவெடுக்கும் நேரத்தில் வாய் திறக்கக் கூடாது.

இரண்டு கைடுகளும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "பார்த்துக்கலாம்" என்பார்கள். எங்கள் ஒப்பந்த வரைவைக் கையில் வாங்கிய தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளர் மட்டும் சரியாகப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, எக்ஸாமினர் பேரு உனக்கே தெரியும்னா அப்புறம் இதுல கான்ஃபிடென்ஷியல் எங்கே இருக்கு? நாளைக்கு ஆடிட்ல கேட்டா நான் என்ன சொல்றது?" நியாயமான கேள்வி. விளக்கம் சொல்லி, பிரெஞ்சு ஆணையின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் காட்டிய பிறகு, வழியையும் அவரே சொன்னார். ஒப்பந்தத்தில் கடைசியில் இடம்பெற்ற ஷரத்தின் சாரம் இதுதான்: வெளித் தேர்வாளர்கள் இருவரும் இரு பல்கலைக்கழகங்களும் ஒப்புக்கொண்ட ஒரே பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுவார்கள், இருவரும் இரு நிறுவனங்களையும் சேராதவர்கள், அவர்களின் அறிக்கைகளே இந்தியப் பல்கலைக்கழகத்தின் வெளித் தேர்வாளர் அறிக்கைகளாகவும் கொள்ளப்படும், வைவா ஒரே முறை நடக்கும், இந்திய வழிகாட்டி கூட்டுநராகப் பதிவேட்டில் கையெழுத்திடுவார், முடிவில் பங்கேற்க மாட்டார்.

'அறிக்கை' என்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. நம் தேர்வுப் பிரிவுக்கு வேண்டியது அச்சடித்த படிவத்தில் ஒரு டிக்: பரிந்துரைக்கிறேன், திருத்தத்துடன் பரிந்துரைக்கிறேன், நிராகரிக்கிறேன். பிரெஞ்சுப் பேராசிரியர் மூன்று நான்கு பக்கத்துக்கு அழகாக ஒரு கடிதம் எழுதி, கடைசி வரியில் வைவாவுக்கு அனுமதிக்கலாம் என்று முடிப்பார். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு இங்கே கோப்பு நகராது. நம் படிவத்தை ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாகச் சேர்த்து, ரப்போர்த்தர் இரண்டையும் அனுப்ப வேண்டும் என்று எழுதிவிடுங்கள். படிவத்தின் பிரெஞ்சு வடிவத்தையும் தயார் செய்து கொடுத்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இந்த ஒரு பகுதி ஒத்துப்போய்விட்டால் மற்றதெல்லாம் கடிதப் போக்குவரத்துதான். ஆனாலும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

உங்கள் பிரெஞ்சுப் பேராசிரியருக்கு ஆய்வு வழிகாட்டும் தகுதிச் சான்று இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அங்கே அதை 'ஹாபிலிடாசியோன்' என்பார்கள், சுருக்கமாக ஆஷ்-தே-எர். முழுப் பேராசிரியராக இருந்தால் கவலையில்லை. இளம் விரிவுரையாளராக இருந்து அந்தச் சான்று இல்லை என்றால், பொதுவாக அவர் பெயருக்கு மேலே இன்னொருவர் அதிகாரபூர்வ வழிகாட்டியாக வர வேண்டியிருக்கும். இங்கே உங்கள் கைடு எத்தனை ஸ்காலர்களை வைத்திருக்கிறார் என்பதும் முக்கியம். பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 என்று யுஜிசி வரம்பு வைத்திருக்கிறது.

தமிழ் ஆய்வு செய்பவர்கள் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தை நம்பி இதைக் கேட்பதுண்டு. 1955இல் தொடங்கிய இடம், சுவடித் தொகுப்பும் நூலகமும் பொக்கிஷம். ஆனால் அது ஆய்வு நிறுவனம், பட்டம் தரும் பல்கலைக்கழகம் அல்ல. அங்குள்ள அறிஞரோடு வேலை செய்யலாம், ஒப்பந்தம் பட்டம் தரும் நிறுவனத்தோடுதான். தமிழ் பயிற்றுவிக்கும் பாரிஸின் இனால்கோ போன்ற இடம் அதற்குச் சரி. ஆய்வேட்டின் மொழியையும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். பிரெஞ்சில் எழுதாவிட்டால் பிரெஞ்சுச் சுருக்கம் ஒன்று கட்டாயம்.

பணம். அங்கே முனைவர் பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு நானூறு யூரோவை ஒட்டியதுதான். ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் ஒரு பக்கம் கட்டி மறுபக்கம் விலக்கு வாங்கலாம். விலக்கு இருந்தாலும் வருடா வருடம் மறுபதிவு செய்தே ஆக வேண்டும். பணம் கட்ட வேண்டாம் என்றதும் பலர் பதிவையே மறந்துவிடுகிறார்கள். பெரிய செலவு வீட்டு வாடகை. 2023 முதல் ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். நம் ஊரில் தாராளம், பாரிஸில் ஓர் அறைக்கே இழுபறி. அங்கே முனைவர் ஒப்பந்த வேலை கிடைத்தால் 2025இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம், பிடித்தங்களுக்கு முன், 2200 யூரோ. ஆனால் அப்போது நீங்கள் அங்கே ஊழியர். அதையும் இங்குள்ள ஃபெலோஷிப்பையும் ஒரே மாதத்துக்கு வாங்கும் எண்ணம் வேண்டாம். எந்தெந்த மாதங்களுக்கு எது என்று எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

கோர்ஸ் ஒர்க்கை முடித்துவிட்டுப் போவது நல்லது. 12 கிரெடிட்டாவது கட்டாயம், அதை அங்கிருந்துகொண்டு இங்கே எழுத முடியாது. அங்கே முனைவர் படிப்பைக் கவனிக்கும் டாக்டோரல் ஸ்கூல் ஆய்வு நெறிமுறை வகுப்பு உட்படச் சில பயிற்சிகள் கேட்கும். வருடத்துக்கு ஒரு முறை தனிக் கண்காணிப்புக் குழு உங்களைச் சந்திக்கும். இங்கே செமஸ்டருக்கு ஒரு முறை ஆய்வு ஆலோசனைக் குழு. இரண்டில் ஒன்றை மற்றொன்றாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் நிறைய நிம்மதி. தங்கும் காலத்தைத் தேதி போட்டு எழுதாதீர்கள், செமஸ்டர் கணக்கில் எழுதுங்கள். விசாவுக்கு அந்தப் பல்கலைக்கழகம் தரும் வரவேற்பு ஒப்பந்தம் வர வேண்டும், அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கையெழுத்து வேட்டைக்கு மாதக்கணக்கில் ஆகும். அங்கே பேராசிரியர், ஆய்வகத் தலைவர், டாக்டோரல் ஸ்கூல் இயக்குநர், பல்கலைக்கழகத் தலைவர். இங்கே துறைத்தலைவர், பதிவாளர், ஆட்சிக்குழுவான சிண்டிகேட். துணைவேந்தர் பதவி காலியாக இருந்து கன்வீனர் கமிட்டி நடத்தும் பல்கலைக்கழகம் என்றால் யார் கையெழுத்து செல்லும் என்பதே முதல் கேள்வியாகிவிடும். பிரான்ஸில் பல இடங்களில் முதல் வருடத்துக்குள் ஒப்பந்தம் முடிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். நீங்கள் முதல் வருடத்தில்தான் இருக்கிறீர்கள் என்பதால் இன்னும் காலம் கடந்துவிடவில்லை, ஆனால் தள்ளிப்போடவும் நேரமில்லை. இதற்கு முன் உங்கள் பல்கலைக்கழகத்தில் வேறு துறையில் யாராவது இப்படிச் செய்திருந்தால் அந்தக் கோப்பின் எண்ணைத் தேடிப் பிடியுங்கள். "முன்மாதிரி இருக்கா?" என்ற கேள்விக்கு அந்த எண்ணைவிட நல்ல பதில் கிடையாது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று, ஆய்வேட்டை எங்கே முதலில் ஏற்றுவது என்பது. அங்கே மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும், இங்கே இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில். இங்கே நூலகம் ஒப்புமைச் சோதனை ஓட்டும், 10 சதவீதம் வரை பிரச்சினையில்லை. அதற்கு முன்பே பிரெஞ்சுத் தளத்தில் உங்கள் கோப்பு பொதுவெளிக்கு வந்துவிட்டால், மென்பொருள் உங்கள் ஆய்வேட்டையே உங்கள் ஆய்வேட்டிலிருந்து காப்பியடித்ததாகக் காட்டும். எனவே இங்கே சோதனைச் சான்றிதழை வாங்கிய பிறகே அங்கே வெளியிடச் சொல்லுங்கள். காப்புரிமை ஏதாவது பதிவு செய்யும் எண்ணம் இருந்தால், இரு தளத்திலும் எத்தனை காலம் மூடி வைப்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொன்று, இனிஷியல். நமக்கு அப்பா பெயரின் முதலெழுத்துப் போதும். அங்கே குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம், இரண்டையும் நிரப்பாமல் பதிவு நகராது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியிருப்பார்கள், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஓரெழுத்துதான் இருக்கும். அதன்படியே இங்கே ஒரு பெயரிலும் அங்கே ஒரு பெயரிலும் பட்டம் அச்சாகி வந்தால், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி அலைய வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அப்படியே ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் போட்டு, இரண்டு பட்டத்திலும் அதே எழுத்துகள் வர வேண்டும் என்று ஒரு ஷரத்துச் சேர்த்துவிடுங்கள். பிரெஞ்சுப் பக்கம் அதைப் படித்துவிட்டு ஏன் என்று கேட்பார்கள், விளக்கம் சொல்லிக்கொள்ளலாம்.