பக்கத்துப் பொருளும் கடல் தாண்டிய பொருளும்: ஏழு கேள்விகள்

உள்நாட்டுப் பொருளா, இறக்குமதியா என்று கேட்டு வந்த கடிதங்களில் ஏழுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன், இரண்டில் இருந்த வசவுகளை மட்டும் நீக்கிவிட்டேன். சரக்கு அனுப்பும் தொழிலில் கால் நூற்றாண்டு இருந்தவன் கப்பல் பக்கம்தான் சாய்வான் என்று ஒருவர் முன்கூட்டியே தீர்ப்பு எழுதியிருக்கிறார். படித்துவிட்டுத் திட்டட்டும்.

பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டி வரும் பொருள், பக்கத்தில் செய்ததைவிட மலிவாக இருப்பது எப்படி? எங்கோ ஏமாற்று இருக்கிறது என்றே தோன்றுகிறது.

சில நேரம் ஏமாற்றும் உண்டு: கூலியைப் பிழிவது, கழிவை ஆற்றில் விடுவது, அரசு மானியத்தைக் கொட்டுவது. ஆனால் பயணச் செலவு குறைவாக இருப்பதில் மர்மம் எதுவும் இல்லை. கடலில் தூரத்துக்கு ஆகும் செலவு சொற்பம். பணத்தைத் தின்றது ஏற்றி இறக்கும் வேலைதான். 1956 ஏப்ரல் 26 அன்று ‘ஐடியல் எக்ஸ்’ என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 இரும்புப் பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. லாரித் தொழில் நடத்திய மால்கம் மெக்லீனின் யோசனை அது. அதுவரை மூட்டையும் பீப்பாயுமாக ஆட்கள் சுமந்து ஏற்றிய சரக்குக்கு டன்னுக்கு 5.86 டாலர் ஆகிக்கொண்டிருந்தது. பெட்டியில் அடைத்து ஏற்றியபோது 16 சென்ட்தான் ஆனது என்று கணக்கிட்டார்கள்.

இன்று மிகப் பெரிய கப்பல்களில் இருபது அடி அளவில் எண்ணினால் 20,000 பெட்டிகளுக்கு மேல் போகின்றன. மாலுமிகள் ஏறத்தாழ இருபத்தைந்து பேர். நாற்பது அடிப் பெட்டி ஒன்றில் ஐயாயிரம் ஜோடிக் காலணிகளாவது அடங்கும். பெட்டி வாடகையை ஐயாயிரத்தால் வகுத்துப் பாருங்கள், ஒரு ஜோடிக்கு விழும் தொகை உங்களுக்கே சிரிப்பை வரவழைக்கும். பெட்டி நிறையாதவர் கதை வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இறக்குமதிப் பொருளை ஒதுக்குவதுதான் சூழலுக்கு நான் செய்யும் பெரிய உதவி என்று நினைத்திருந்தேன். அது தவறு என்று என் மகள் வாதிடுகிறாள். யார் சொல்வது சரி?

கணக்கு மகள் பக்கம்தான் நிற்கிறது, ஒரு நிபந்தனையோடு.

ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோகப் பெரிய கன்டெய்னர் கப்பல் வெளியிடும் கரியமில வாயு சுமார் 10 முதல் 20 கிராம். லாரிக்கு அதைப்போலப் பல மடங்கு. விமானத்துக்கு 500 கிராமுக்கும் மேல். அப்படியானால் 10,000 கிலோமீட்டர் கப்பலில் வந்த ஒரு கிலோ பொருளின் பங்கு 100 முதல் 200 கிராம். இப்போது அதை வாங்க நீங்கள் காரில் ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வாயு வரும் என்பதால் போய்வரும் பயணத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோ ஆகிறது. பையில் இருப்பது ஐந்து கிலோ சாமான் என்றால் கிலோவுக்கு 300 கிராம். சமுத்திரத்தைக் கடந்துவந்ததைவிட, கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததில் அதிகம் எரித்துவிட்டீர்கள்.

விளைவிக்கும் முறைக்கும் பெரிய பங்கு உண்டு. கடுங்குளிரில் எரிவாயு மூட்டிச் சூடாக்கிய கண்ணாடிக்குடிலில் பக்கத்திலேயே விளைந்த தக்காளியைவிட, எங்கோ வெயிலில் விளைந்து லாரியில் வந்த தக்காளி பல நேரம் சூழலுக்கு லேசானது.

நிபந்தனை விமானம். எந்தப் பொருள் பறந்து வந்தது என்று பெரும்பாலும் உறையில் அச்சிடுவதில்லை, ஊகிக்கத்தான் வேண்டும். சீக்கிரம் அழுகுவதாக, எடை குறைந்ததாக, பருவம் தப்பியதாக இருந்தால் சந்தேகப்படுங்கள்: பெர்ரி வகைகள், கொய்மலர், பச்சை அஸ்பாரகஸ். வாழையும் ஆப்பிளும் பெரும்பாலும் நிதானமாகக் கப்பலில்தான் வருகின்றன. மகளிடம் முழுத் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டாம். மனிதர் வெளியிடும் பசுமை இல்ல வாயுக்களில் கப்பல் போக்குவரத்தின் பங்கு 2018இல் சுமார் 3 சதவீதம். அது தள்ளிவிடும் அளவல்ல.

‘உள்நாட்டில் தயாரானது’ என்று ஒட்டியிருந்தால் நம்பலாமா?

எதை நம்ப விரும்புகிறீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சுங்கத்துறைக்கு ஒரு பொருளின் பிறப்பிடம் என்பது, பொதுவாக, அது கடைசியாக வேறொரு பொருளாக மாறிய இடம். நூலும் பித்தானும் துணியும் எங்கிருந்து வந்தன என்பதை அந்த ஒற்றை வரி சொல்லாது.

ஒருமுறை பம்ப் தயாரிக்கும் ஒருவரின் பட்டறையில் உட்கார்ந்து, அவருடைய பம்ப் ஒன்றைப் பிரித்து மேசைமேல் பரப்பினோம். சுங்கப் படிவத்துக்காகச் செய்த வேலை. வார்ப்பு, தண்டு, மூடி எல்லாம் அவருடையவை, கனமானவை, கைக்குக் கைகொடுத்துத் தூக்கி வைத்தோம். ஓரத்தில் ஒரு சிறு குவியல்: பேரிங், தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைக்கும் மெக்கானிக்கல் சீல், ஒரு சில ரப்பர் வளையங்கள். அவை மூன்று நாடுகளிலிருந்து வந்தவை. எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உள்ளூர்தான். ஆனால் உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சீல் வரவில்லையென்றால் மற்றதெல்லாம் தரையில் கிடக்கும் இரும்பு. சீலை எத்தனை பேரிடம் வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். ஒருவரிடம்தான் என்றார்.

முத்திரையின் வரலாற்றிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஜெர்மானியச் சரக்கைத் தங்கள் மக்கள் அடையாளம் கண்டு ஒதுக்கட்டும் என்று, 1887இல் பிரிட்டன் கொண்டுவந்த சட்டம்தான் ‘ஜெர்மனியில் தயாரானது’ என்ற எழுத்தைப் பரப்பியது. பின்னாளில் அதுவே தரத்துக்கான அடையாளமாகிவிட்டது.

பெருந்தொற்றையும் போரையும் பார்த்த பிறகும் உலக வணிகம் என்று பேசுவது பொறுப்பின்மை இல்லையா? அத்தியாவசியமான எல்லாவற்றையும் ஒவ்வொரு நாடும் தானே செய்துகொள்வதுதானே பாதுகாப்பு?

உங்கள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. 2021 மார்ச் 23 அன்று 400 மீட்டர் நீளமுள்ள ‘எவர் கிவன்’ கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்காக மாட்டிக்கொண்டது. ஆறு நாள் வழி அடைபட்டது. நூற்றுக்கணக்கான கப்பல்கள் வரிசையில் நின்றன. தூரத்தை நம்பினால் இதுதான் கதி என்று அப்போது எல்லோரும் எழுதினார்கள்.

அடுத்த ஆண்டு நடந்ததை இதனருகே வைத்துப் பாருங்கள். அமெரிக்கா தனக்கு வேண்டிய குழந்தைப் பால்மாவை ஏறத்தாழ முழுவதும் தானே தயாரித்துக்கொள்ளும் நாடு. இறக்குமதிக்கு வரியும் கெடுபிடியும் ஏராளம். சந்தை ஒருசில நிறுவனங்களின் கையில். 2022 பிப்ரவரியில் மிச்சிகன் மாநிலத்தில் ஒரே ஒரு ஆலை, கிருமி பற்றிய சந்தேகத்தால் மூடப்பட்டது. சில மாதங்களில் நாடெங்கும் பல கடைகளில் அலமாரிகள் காலி. கடைசியில் ஐரோப்பாவிலிருந்து ராணுவ விமானத்தில் பால்மா கொண்டுவந்தார்கள். பொருள் உள்நாட்டுப் பொருள்தான், தூரமும் குறைவுதான். வாசல் ஒன்றே ஒன்றாக இருந்தது. அதுதான் காலை வாரியது. என் பம்ப் நண்பரின் சீல் கடல் தாண்டி வந்தது, இந்தப் பால்மா உள்ளூரில் பிறந்தது, இரண்டுக்கும் நோய் ஒன்றே.

அதனால் ஒரு பொருள் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று கேட்பதற்கு முன், ஒருவர் கதவடைத்தால் அடுத்தவர் யார், எத்தனை நாளில் அனுப்புவார் என்று கேட்கிறேன்.

உலகச் சந்தையும் கழுத்தறுக்கும், மறுக்கவில்லை. 2008இல் அரிசி விலை சில மாதங்களில் ஏறத்தாழ மூன்று மடங்கானது. விளைச்சல் அப்படியொன்றும் விழவில்லை. விளைவதில் பத்தில் ஒரு பங்குகூட நாடு விட்டு நாடு போகாத பொருள் அது. அந்தச் சிறு சந்தையில் ஏற்றுமதி செய்யும் சில நாடுகள் கதவைச் சாத்த, வாங்கும் நாடுகள் பயந்துபோய் அள்ள, விலை தறிகெட்டது. அது தணிந்த விதம் இன்னும் விசித்திரம். வணிக ஒப்பந்தக் கட்டாயத்தால் வாங்கி, தன் மக்கள் விரும்பாததால் கிடங்கில் போட்டுவைத்திருந்த வெளிநாட்டு அரிசியை விற்கலாம் என்று ஜப்பான் அறிவித்தது. பெரிதாக எதுவும் கப்பலேறுவதற்கு முன்பே விலை இறங்கத் தொடங்கியது.

கையிருப்புக்கு அந்த வலிமை உண்டு. உணவில் பெரும் பங்கை வெளியிலிருந்து வாங்கும் சுவிட்சர்லாந்து, தானியம், சர்க்கரை, எரிபொருள், மருந்து போன்றவற்றை மாதக்கணக்குக்கு இருப்பு வைக்கும்படி இறக்குமதியாளர்களையே சட்டத்தால் கட்டாயப்படுத்துகிறது. எல்லாவற்றையும் விளைவிக்க முடியாது என்று தெரிந்த நாட்டின் ஏற்பாடு அது. உயிர்காக்கும் ஒருசில மருந்து மூலப்பொருள்களையும் உரத்தையும் உள்நாட்டில் ஓரளவாவது செய்யும் திறனை, நட்டமானாலும், வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் உங்கள் கட்சிதான் நானும். எல்லாவற்றையும் என்று நீங்கள் சொல்லும் இடத்தில்தான் பிரிகிறோம்.

ரிகார்டோ சொன்னது இன்றும் செல்லுமா? கல்லூரியில் படித்தது மறந்துவிட்டது.

நாடுகள் ஏன் வணிகம் செய்கின்றன என்று விளக்கிய ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் டேவிட் ரிகார்டோ. 1817இல் அவர் போட்ட கணக்கு இது: குறிப்பிட்ட அளவு துணிக்கு இங்கிலாந்தில் 100 பேரின் ஓராண்டு உழைப்பு, போர்ச்சுகலில் 90. வைனுக்கு இங்கிலாந்தில் 120, போர்ச்சுகலில் 80. இரண்டிலும் போர்ச்சுகல் கெட்டிதான். ஆனாலும் வைனை மட்டும் செய்து துணியை வாங்கிக்கொண்டால் அதற்கும் லாபம், இங்கிலாந்துக்கும் லாபம். கணக்கு இன்றும் செல்லும். துணி நெய்தவர் நாளைக் காலை திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடுவார் என்பதுதான் செல்லாது. நாட்டுக்கு வரும் லாபம் ஒரு வீட்டில் சேர்கிறது, நட்டம் வேறொரு தெருவில் விழுகிறது. முதலாளிகள் தம் முதலைத் தாய்நாட்டை விட்டு எடுத்துப்போகத் தயங்குவார்கள் என்பதும் அவர் நம்பிக்கை. பாவம்.

தோல் பைகள் தைத்து விற்கிறேன். இறக்குமதிப் பை என் தோலின் அடக்கவிலைக்கே விற்கிறது. மூடிவிடட்டுமா?

அவசரப்படாதீர்கள். கடையில் தொங்கும் விலையை வைத்து எதிராளியை அளக்காதீர்கள், அவருடைய இறங்குவிலையைப் போட்டுப் பாருங்கள். ஆலை விலை, கப்பல் கட்டணம், காப்பீடு, சுங்கவரி, ஆவணம் தாமதித்தால் துறைமுகத்தில் ஏறும் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம், முன்பணம் கட்டி மூன்று மாதம் முடங்கிய காசுக்கு வட்டி, தையல் பிரிந்தால் திருப்பி அனுப்ப முடியாத சரக்கு. பெட்டி நிறைய ஒரே மாதிரிப் பை வாங்கினால்தான் அந்தக் கணக்கு அவருக்குக் கட்டும். நிறமோ அளவோ மக்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் ஆயிரக்கணக்கில் தலைமேல் நிற்கும்.

ஆகவே ஒரே மாதிரி ஆயிரம் விற்கும் களத்தை அவருக்கே விட்டுவிடுங்கள். முப்பது கேட்பவர், வாரத்தில் கேட்பவர், பெயர் பொறித்துக் கேட்பவர், ஜிப் மாற்றித் தரச் சொல்பவர் உங்களிடம்தான் வர வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு ஏற்ற விலை சொல்லக் கூச்சப்படாதீர்கள். தோலை மட்டும் ஒரே வியாபாரியிடம் வாங்கிக்கொண்டிருந்தால் இந்த வாரமே இன்னொருவரைத் தேடுங்கள்.

இறக்குமதி மர நாற்காலிகள் ஆறு வாங்கினேன். பிரித்தபோதே பூஞ்சை நாற்றம். கிடங்கில் ஈரம் பட்டிருக்கும் என்கிறார் விற்றவர். மாற்றித் தர மறுக்கிறார்.

கிடங்காக இருக்கலாம். பெட்டிக்குள் பெய்த மழையாகவும் இருக்கலாம். வெப்பமான ஊரில் அடைத்த பெட்டி குளிர்ந்த கடலைக் கடக்கும்போது, உள்ளே இருக்கும் ஈரக்காற்று இரும்புக் கூரையில் நீராகப் படிந்து சொட்டும். எங்கள் தொழிலில் அதைக் கன்டெய்னர் மழை என்போம். அட்டையின் மேல்பக்கத்தில் வட்ட வட்டமாகக் கறை இருந்தால் நீர் மேலிருந்து விழுந்திருக்கிறது. அடிப்பக்கம் பட்டையாக நனைந்திருந்தால் கிடங்குத் தரை. அட்டைகளை எறிந்துவிடாமல் படம் எடுங்கள். எந்த இடத்தில் ஈரம் பட்டிருந்தாலும் அது உங்கள் கைக்கு வருவதற்கு முன்பு நடந்தது. நாற்காலிகளை நிழலில் காற்றாட வையுங்கள், வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும்.