நின்றுபோன தாய்ப்பாலை மீண்டும் வரவழைத்தல்: கேள்வி பதில்

பால் கொடுப்பதை இடையில் நிறுத்திவிட்டு, மறுபடியும் தொடங்க விரும்பும் குடும்பத்தினர் அனுப்பிய கேள்விகளுக்கு, பிரசவ வார்டில் செவிலியராகப் பல ஆண்டுகள் இருந்த அனுபவத்தைக் கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி: குழந்தைக்கு ஏழு வாரம் ஆகிறது. எனக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்ததால் மூன்றாம் வாரத்தோடு தாய்ப்பால் நின்றுவிட்டது. இப்போது பவுடர் பால் மட்டும்தான். மார்பும் தளர்ந்துவிட்டது. இனிமேல் பால் வருமா?

வருவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது அம்மா. குழந்தை சப்பும்போது புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரந்து பாலை உண்டாக்குகிறது, ஆக்சிடோசின் என்ற இன்னொரு ஹார்மோன் அதை வெளியே தள்ளுகிறது. எடுக்கப்படாத பால் மார்பில் தேங்கினால் சுரப்பு தானே குறைந்துவிடுகிறது. ஆகவே நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை, இரவில் புரோலாக்டின் கூடுதலாக இருப்பதால் அதில் ஓரிரு முறையாவது இரவில், இரண்டு மார்பிலும் சப்ப வைக்க வேண்டும்.

பால் வராத மார்பை எந்தக் குழந்தை பொறுமையாகச் சப்பும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ஒரு வழி உண்டு. குழந்தைகளுக்கு மூக்கு வழியாகப் பால் செலுத்தப் பயன்படும் மெல்லிய குழாயின் ஒரு முனையைப் பால் உள்ள கிண்ணத்தில் இட்டு, மறுமுனை காம்பின் நுனியைச் சற்றே தாண்டி நிற்கும்படி மார்பில் பிளாஸ்திரி போட்டு ஒட்டுங்கள். குழந்தை காம்பையும் குழாயையும் சேர்த்துக் கவ்விச் சப்பும்போது கிண்ணத்துப் பால் அதன் வாய்க்குப் போகும். சப்பும் தூண்டுதல் உங்கள் மார்புக்குக் கிடைக்கும். பால் வேகமாகப் போனால் கிண்ணத்தைச் சற்றுத் தாழ்த்திப் பிடியுங்கள். முதல் இரண்டு நாள் பாதிப் பால் சேலையில்தான் சிந்தும், அதற்காக விட்டுவிடாதீர்கள். சிலருக்கு ஒரு வாரத்திலேயே சொட்டு தெரியும், வேறு சிலருக்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். முதல் தடவை மட்டும் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் அருகில் இருப்பது நல்லது.

கேள்வி: பவுடர் பாலை எப்போது, எவ்வளவு குறைப்பது?

பெரும்பாலோர் தவறு செய்யும் இடம் இதுதான். சொட்டு தெரிந்த மகிழ்ச்சியில் நான்கே நாளில் பவுடர் பாலை நிறுத்திவிட்ட ஒரு தாய், பிள்ளை இப்போது அழுவதே இல்லை, நன்றாகத் தூங்குகிறான் என்று பெருமையோடு தூக்கி வந்தார். துணியை விலக்கிப் பார்த்தால் காலையில் கட்டியது இன்னும் நனையவே இல்லை. அது பசியில் சோர்ந்த தூக்கம். பால் வரத் தொடங்கிய பிறகு, முழு நாளுக்குரிய மொத்த அளவில் 50 மில்லி மட்டும் குறைத்து, சில நாள் அதே அளவைத் தொடர்ந்து கொடுத்துக் கவனியுங்கள். குழந்தை 24 மணி நேரத்தில் ஆறு முறைக்குக் குறையாமல் வெளிர் நிறத்தில் சிறுநீர் கழித்து, வாரத்துக்கு 125 கிராமுக்குக் குறையாமல் எடை கூடினால் அடுத்த 50 மில்லியைக் குறைக்கலாம். பவுடர் பாலில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்வது கூடவே கூடாது.

கேள்வி: நான்கு மாதக் குழந்தை, புட்டிக்குப் பழகிவிட்டாள். மார்பருகே கொண்டுபோனாலே வீறிட்டு அழுகிறாள்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் எளிதில் பழகுவார்கள். உங்கள் மகளுக்குக் கூடுதல் பொறுமை தேவைப்படும். பசியில் அழும்போது வற்புறுத்தாமல், அரைத் தூக்கத்தில் இருக்கும்போது உடலோடு உடல் ஒட்ட அணைத்து மார்பைக் கொடுங்கள். புட்டியை அடியோடு விட்டுப் பாலாடையிலோ சிறு டம்ளரிலோ பால் புகட்டுங்கள். அவள் காம்பைக் கவ்வியதும், இன்னொருவர் மார்பின் மேலிருந்து துளித்துளியாகப் பாலை வழியவிட்டால் தொடர்ந்து சப்புவாள். அவள் சப்பாத வேளைகளில் கையாலோ பம்ப் கொண்டோ பீய்ச்சிவிடுங்கள்.

கேள்வி: மாமியார் பால் சுறாப் புட்டும் பூண்டும் தருகிறார். மருந்துக் கடையில் ஒரு மாத்திரையும் சொன்னார்கள். எது பலன் தரும்?

புட்டைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்ல உணவு. ஆனால் பாலை எடுக்காமல் உண்பதால் மட்டும் பால் ஊறாது. கடைக்காரர் சொன்னது டாம்பெரிடோனாக இருக்கலாம். அது புரோலாக்டினைக் கூட்டும் என்றாலும் சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும் என்பதால் மருத்துவரின் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். கருத்தடை மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரை பாலைக் குறைக்கும்.

கேள்வி: பால் வற்றட்டும் என்று அம்மா மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினார். அதன் பாதிப்பு நிரந்தரமா?

இல்லை. மல்லிகைப்பூ பாலைக் குறைப்பது உண்மைதான், ஆனால் பூவை எடுத்துவிட்டுச் சப்ப வைத்தால் சுரப்பு மீண்டும் தூண்டப்படும்.

கேள்வி: என் மனைவி ஆறு வாரம் முயன்றும் தேவையில் பாதிதான் சுரக்கிறது. தோற்றுவிட்டதாக அழுகிறாள்.

தைராய்டு கோளாறும் இரத்தசோகையும் இருக்கின்றனவா என்று ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள், தம்பி. அவற்றில் குறை இல்லையென்றால், சுரக்கும் பாதியைத் தொடர்ந்து கொடுத்து மீதியைக் குழாய் வழியே நிறைவு செய்யலாம். பாதி அளவானாலும் தாய்ப்பாலின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் குழந்தைக்குப் போய்ச் சேர்கின்றன. இரவில் எழுந்து குழாயையும் கிண்ணத்தையும் கழுவி வைக்கும் வேலையை இன்றிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.