வெளிநாட்டு முதலீடு ஏழை நாடுகளின் வறுமையைக் குறைக்கிறதா, சுற்றுச்சூழலைக் கெடுக்கிறதா?

இரண்டையும் செய்கிறது என்பதே என் பதில். ஆனால் பலன் ஒரு சாராருக்கும் பாதிப்பு வேறொரு சாராருக்கும் போய்ச் சேர்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தப் பதிலால் யாருக்கும் பயனில்லை. நான் நெடுநாளாகக் கவனித்து வரும் வியட்நாமை வைத்தே இதை விளக்குகிறேன்.

வியட்நாம் 1986இல் 'டோய் மோய்' எனப்படும் பொருளாதாரச் சீர்திருத்தத்தைத் தொடங்கி, 1987 இறுதியில் வெளிநாட்டு முதலீட்டுக்கான சட்டத்தை இயற்றியது. 1993இல் மக்களில் 58 விழுக்காட்டினர் வறுமையில் இருந்தனர். 2008இல் அது 14.5 விழுக்காடாக இறங்கியது. இந்த இறக்கம் முழுவதையும் அந்நிய முதலீட்டின் கணக்கில் எழுதிவிடுவோர் பலர் உண்டு, அது சரியல்ல. தொடக்கத்தில் மக்களைக் கைதூக்கிவிட்டது விவசாயம்தான். 1988இல் கூட்டுப்பண்ணை முறையைத் தளர்த்தி நிலத்தைக் குடும்பங்களின் பொறுப்பில் விட்டதும், அதுவரை அரிசிக்குத் தட்டுப்பாடு கண்ட நாடு மறு ஆண்டே அதைப் பெருமளவில் ஏற்றுமதி செய்தது. ஆடை, காலணி, மின்னணுப் பொருள் ஆகிய ஆலைகளின் பங்கு அதன் பிறகே வலுப்பெற்றது. சாம்சங் நிறுவனம் 2009இல் ஹனோய்க்கு அருகிலுள்ள பக் நின் மாகாணத்தில் கைபேசி உற்பத்தியைத் தொடங்கியது. நாட்டின் ஏற்றுமதியில் இன்று 70 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாட்டு முதலீடு பெற்ற நிறுவனங்களுடையது. நாற்று நட்டுக்கொண்டிருந்த குடும்பத்துப் பெண் மாதச் சம்பளம் வாங்கி வீட்டுக்குப் பணம் அனுப்புகிறாள் என்பது சிறிய மாற்றமன்று. முதலீட்டை அடியோடு எதிர்ப்பவர்கள் இந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அதே நாட்டின் நடுப்பகுதிக் கடற்கரையில் நடந்ததையும் பார்க்க வேண்டும். தைவானின் ஃபோர்மோசா குழுமம் ஹா தின் மாகாணத்தில், 70 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற நிலத்தில், 1,000 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு உருக்காலை அமைத்தது. 2016 ஏப்ரலில், ஆலை முழுமையாக இயங்கத் தொடங்கும் முன்பே, நான்கு மாகாணங்களில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளத்துக்கு மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. மீனும் இறாலும் வேண்டுமா, நவீன உருக்காலை வேண்டுமா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று நிறுவன அலுவலர் ஒருவர் பேட்டியில் கூற, 'நான் மீனையே தேர்ந்தெடுக்கிறேன்' என்ற வாசகம் நாடெங்கும் பரவியது. அந்த அலுவலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

உண்மையில், மீனா உருக்கா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையே அங்கு இருக்கவில்லை. உருக்கு உற்பத்திக்கு நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டுக் கல்கரியாக்குவார்கள். கனன்றபடி வெளிவரும் கல்கரியை நைட்ரஜன் போன்ற வாயுவைச் செலுத்தி ஆற்றலாம். தண்ணீரைப் பொழிந்தும் ஆற்றலாம். உலர் முறையான முதலாவதற்கு மூலதனம் அதிகம் வேண்டும். ஈர முறையான இரண்டாவதற்குச் செலவு குறைவு, ஆனால் நச்சுக் கழிவுநீரின் சுமை கூடும். அனுமதி பெற்றது உலர் முறைக்கு. நிறுவனம் அனுமதியின்றி ஈர முறைக்கு மாறியிருந்ததை அரசின் விசாரணை கண்டறிந்தது. சோதனை ஓட்டத்தின்போது மின்சாரம் தடைப்பட்டு, பீனாலும் சயனைடும் கலந்த கழிவு கடலில் கலந்தது என்று ஜூன் 30 அன்று அரசு அறிவித்தது. நிறுவனமும் பொறுப்பேற்று 50 கோடி டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. ஆக, கடலைக் கொன்றது உருக்குத் தொழில் என்று சொல்வதைவிட, மிச்சம் பிடித்த செலவும் அதைக் கண்டுகொள்ளாத கண்காணிப்பும் என்று சொல்வதே பொருத்தம்.

இது எதிர்பாராத விபத்து என்று ஒதுக்கவும் முடியாது. டோங் நாய் மாகாணத்தில் வேடான் என்ற தைவான் நிறுவனம் மறைவான குழாய் வழியே தி வாய் ஆற்றில் கழிவை விட்டுவந்தது 2008இலேயே பிடிபட்டிருந்தது. அந்தப் பாடத்துக்குப் பிறகும் எட்டு ஆண்டுகளில் ஹா தின் நடந்தது என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

நாட்டு அளவிலான வறுமைக் கணக்கில் ஹா தின் மீனவர் தெரியமாட்டார். பக் நின்னில் ஒருவருக்கு வேலை கிடைத்து, ஹா தின்னில் ஒருவர் வலையைச் சுருட்டி வைத்தால், சராசரி அசையாது. அதனால்தான் முதலீட்டை மாகாண வாரியாகவும் தொழில் வாரியாகவும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். கைபேசிகளைப் பொருத்தும் ஆலையையும் உருக்காலையையும் 'அந்நிய நேரடி முதலீடு' என்ற ஒரே தலைப்பில் கூட்டினால், ஏற்றுமதியின் அளவு தெரியும். யார் இழந்தார் என்பது தெரியாது. அத்துடன், சுற்றுச்சூழல் நிபந்தனைகளை வற்புறுத்தும் வலிமை அரசுக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்புதான் அதிகம். பல நூறு கோடி டாலர் இறங்கிய பிறகு ஆலையை மூடுவது அரசுக்கும் இழப்பாகிவிடுகிறது. ஃபோர்மோசாவின் முதல் ஊது உலை 2017 மே மாதத்திலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. கடல் மாசுபட்டதை எதிர்த்துப் போராடியவர்களிலும் எழுதியவர்களிலும் சிலர் சிறைக்குப் போனார்கள்.

உள்நாட்டில் வழி அடைபட்ட நிலையில், பாதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ 8,000 பேர் 2019இல் தைவான் நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுத்தனர். முதலீடு எந்த நாட்டிலிருந்து புறப்பட்டதோ அந்த நாட்டின் சட்டமும் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அவர்கள் எழுப்பும் கோரிக்கை. இந்தக் கேள்விக்கான விடையில் அதற்கும் இடம் தர வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.